தொண்டைக்குழியைப் பார்

தர்ஷிகா என்னிடம் ஒரு பக்கம்தான் கேட்டாள். நான் வேலை செய்த பயண நிறுவனத்தில் இப்போது அவள்தான் குழுக்களைப் பார்த்துக்கொள்கிறாள். மலையேறும் குழுவுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வழிகாட்டி என்று இரண்டு பேர் எதற்கு, ஒருவர் போதாதா என்று முதலாளி கேட்கிறாராம். "அங்கிள், நீங்கள் பத்தொன்பது வருசம் பின்னால நடந்தனீங்கள். பொயின்ற் பொயின்றாய் எழுதித் தாங்கோ, நான் ஃப்ரெஞ்சில மாத்திக் குடுக்கிறன்" என்றாள். மொன்றியாலில், வில்லரேயில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். வெளிப்படிக்கட்டில் பனி உறைந்து கிடக்கிறது. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும், ஏறினால் முழங்கால் இரண்டு நாளைக்கு என்னோடு சண்டை பிடிக்கும். ஆகவே எழுத நேரம் நிறைய இருக்கிறது. பொயின்ற் பொயின்றாய்த்தான் வரவில்லை.

பின்னால் போகிறவருக்குப் பதிலாக இனி ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டி கட்டப் போகிறார்களாம். தண்ணீர் குடிக்கிற நேரம் வந்தால் அது அதிரும். குடித்துவிட்டு அதைத் தட்டினால், குடித்தார் என்று கணக்கில் ஏறிவிடும். தட்டுவதற்குக் குடிக்கத்தான் வேண்டுமா? கோதாரி, இதை ஒருவரும் யோசிக்கவில்லையா என்று தர்ஷிகாவிடம் கேட்டேன். "ஏன் அங்கிள் குடிக்காமல் தட்டப் போகினம்?" என்றாள். அவளுக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

தீவின் பெயர் இங்கே வேண்டாம். ஃப்ரெஞ்சும் கிரியோலும் பேசுகிற சின்னத் தீவு. மொன்றியாலில் குளிர் தொடங்கினால் சனம் அங்கே பறக்கும். மலை கடலிலிருந்து நேரே எழும்புகிறது. கடற்கரை முடிகிற இடத்தில் ஏற்றம் தொடங்கும், இடையில் மூச்சுவிடச் சமதரை இல்லை. ஏற மூன்றரை மணித்தியாலம், இறங்க மூன்று. வேர்களைப் பிடித்து ஏறும் இடம் உண்டு, பாறையில் கயிறு கட்டிய இடம் உண்டு. "கீழ நிண்டாலும் கடல்தான், மேல போனாலும் கடல்தான். இதுக்குக் காசு குடுத்து ஏறுறதுக்கும் சனம் இருக்குதே!" என்று என் மனுசி சொல்லுவாள். நியாயமான கேள்விதான். அந்தச் சனத்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது என்று நானும் சொல்லுவேன்.

இந்த வேலைக்கு நான் விரும்பி வரவில்லை. சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் தொழிற்சாலையில் பதின்மூன்று வருடம் நின்றேன். அதை மூடினார்கள். பிறகு பின்னேரங்களில் இந்தப் பயண நிறுவனத்தின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்தேன். அப்போதிருந்த முதலாளியம்மா ஒருநாள், "உனக்கு நீண்ட தூரம் நடக்க முடியுமா?" என்று கேட்டார். "நடந்துதான் மதாம் இங்கே வரைக்கும் வந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடியாகச் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலமே என்னைக் குழுவோடு அனுப்பிவிட்டார்கள்.

தீவில் எங்கள் தலைமை வழிகாட்டி மதாம் ஒதேத். அந்தத் தீவிலேயே பிறந்தவர். என் தோளளவு உயரம். குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், நாம் கிட்டப் போய்க் காது கொடுக்க வேண்டும், அதுவே போதுமான தண்டனை. அவர் முன்னால் நடப்பார், நான் கடைசியில் நடப்பேன். முதல் பருவம் முழுவதும் எனக்குத் தந்த பயிற்சி அவ்வளவுதான்: எனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது.

அதிலும் ஒருமுறை கோட்டை விட்டேன். இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். ஒரு கிழவர் சலம் போவதற்குப் பற்றைக்குள் ஒதுங்கினார். நிற்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. மனுசனை நிம்மதியாக விடுவோம் என்று பத்தடி முன்னால் போய் நின்றேன். அவர் வேறு பக்கத்தால் வெளியே வந்து ஆட்டுப்பாதையில் இறங்கிவிட்டார். முக்கால் மணித்தியாலம் தேடினோம். கண்டுபிடித்தபோது கிழவர் ஒரு கல்லில் குந்தியிருந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்து, "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று வேறு கேட்டார். மதாம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உன்னுடைய வெட்கத்தை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வா." ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான் அப்போது ஆனையல்ல, குட்டிகூட அல்ல.

தண்ணீர் விசயம்தான் அவருக்கு எல்லாவற்றிலும் பெரிது. வழியில் மூன்று தரிப்பு. முதலாவது பலகை வாங்கு போட்ட இடம், இரண்டாவது பெரிய மாமரம், மூன்றாவது கயிற்றுப் பாறைக்குக் கீழே. ஒவ்வொன்றிலும் எல்லோரும் போத்தலை எடுத்து எங்கள் கண்முன்னால் குடிக்க வேண்டும். முன்பாதிப் பேரை அவர் பார்ப்பார், பின்பாதி என் பொறுப்பு. கொப்பியில் பெயருக்கு நேரே புள்ளடி. போத்தலைப் பார்க்காதே, வாயைப் பார்க்காதே, தொண்டைக்குழியைப் பார் என்பார். அது மூன்று தடவை ஏறி இறங்கினால்தான் புள்ளடி. "வாயிலிருந்து வருவதை நான் நம்புவதில்லை. வாய்க்குள் போவதை நம்புகிறேன்" என்பார். பதினொரு மணிக்குள் மூன்றாம் தரிப்புக்கு வராதவர், அவர் யாராக இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். ஒருமுறை உடற்பயிற்சிக்கூடம் வைத்திருக்கிற ஒரு தடியன், தன் தசைகளுக்கு எப்போது தண்ணீர் வேண்டுமென்று தனக்குத் தெரியும் என்று வாதாடினான். மதாம் போத்தலைத் திறந்து அவன் முன்னால் நீட்டியபடி நின்றார். ஏழு நிமிடம் நின்றார். குழு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் குடித்தான்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பதினொரு பருவம் அந்தக் கொப்பியில் ஒரு பொய்ப் புள்ளடிகூட நான் போட்டதில்லை. பிறகுதான் ரஞ்சினி அக்கா வந்தார்.

அது ஐப்பசி முடிகிற நேரம். பருவத்தின் முதல் குழு. மழை முழுதாக விட்டிராது, அதனால் விலை மலிவு. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கியூபெக் ஆட்கள். மற்ற இருவர் செயின்ட்-மிஷேலில் இருக்கிற யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும். ரஞ்சினி அக்கா ஒரு கார்தெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கலியாணம் கட்டி முப்பது வருடம் என்று மகள் இருவருக்கும் இந்தப் பயணத்தைப் பரிசாக எடுத்துக் கொடுத்திருந்தாள். கணவருக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை செய்திருந்தது, மலையேறத் தடை. அவர் விடுதி விறாந்தையில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

முதல் தரிப்பில் அக்கா போத்தலை வாயில் வைத்து அண்ணாந்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்தார். போத்தல் சரிந்ததைப் பார்த்தேன், புள்ளடி போட்டேன். அது கவனக்குறைவு.

மாமரத்தடியில் அவர் போத்தலைத் தூக்கியபோது சட்டைக் கை முழங்கை வரைக்கும் வழுகியது. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு நூல். எனக்கு உடனே விளங்கிவிட்டது. காலைச் சாப்பாட்டு மேசையில் அவர் கோப்பையைத் தொடாததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிட்டப் போய், "அக்கா, சஷ்டியோ?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. இண்டைக்கு ஆறாம் நாள்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. அந்த மனுசி என்னைக் கீழ இறக்கிப்போடும்."

"நேற்றிலயிருந்து தண்ணியும் இல்லையோ?"

"முந்தநாள் இரவு கொஞ்சம் பால் குடிச்சனான். பதினொரு வருசமாய்ப் பிடிக்கிறன், ஒரு வருசமும் முறிக்கேல்லை. மகள் நாள் பார்க்காமல் ரிக்கற் போட்டிட்டாள். ஆசையாய்க் குடுக்கிற பிள்ளைக்கு வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்கும் முதல்ல கவலைதான். பேந்து விமானத்தால இறங்கி இந்த மலையைக் கண்டன். அட, இவனெல்லே என்னைக் கூப்பிட்டிருக்கிறான் எண்டு நினைச்சன்."

யாருக்காக என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மகன். பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறான். சாப்பாட்டைக் கதவடியில் வைப்பாராம், கோப்பை வெளியே வருமாம். மருத்துவர்கள் வந்தார்கள், போனார்கள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. மகன் வெளிமாகாணத்தில் படிக்கிறான் என்றுதான் கோயிலில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அந்தக் கதவு திறந்தால் போதும் தம்பி, வேற ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மதாமிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. இது எங்கட விசயம். இந்தக் கத்தோலிக்க மனுசிக்குச் சஷ்டி என்றால் என்ன விளங்கும், காப்பு என்றால் என்ன விளங்கும்? விளக்கம் சொல்லப் போனால் நாங்கள் ஏதோ காட்டுச்சனம் மாதிரி ஆகிவிடும். அதோடு, அந்த மலையில் பதினொரு வருடத்தில் என்னை ஒருவரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் உருகிப்போனேன் என்பதுதான் உண்மை. இரண்டாவது புள்ளடியைத் தெரிந்தே போட்டேன். மூன்றாம் தரிப்பில் அவர் போத்தலைத் தூக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்தார், நான் கொப்பியைப் பார்த்தேன், போட்டேன்.

கயிற்றுப் பாறையில் ஏறியபின் அவரது நடை மாறியது. காலைத் தூக்கி வைக்கும் இடமும் வைக்க நினைத்த இடமும் வேறு வேறாக இருந்தன. தலை இடிக்கிறது என்றார். ஓங்காளித்தார், ஒன்றும் வரவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளையளுக்குச் சூப் வைக்கோணும், நேரம் போட்டுது" என்றார். கார்தெரியில் நிற்பதாக நினைத்துக்கொண்டார். பாதையோரத்தில் அப்படியே சரிந்து இருந்துவிட்டார். நான் வோக்கி-டோக்கியில் மதாமைக் கூப்பிட்டேன்.

மற்றவர்களை மேலே நிழலில் இருத்திவிட்டு மதாம் இறங்கி வந்தார். வந்ததும் முதலில் என் கையிலிருந்த கொப்பியைத்தான் வாங்கினார். மூன்று புள்ளடி. "மூன்று தடவையும் குடித்தாளா?"

"குடித்தார் மதாம்."

அவர் அக்காவின் நெற்றியைத் தொட்டார். முகம் சுருங்கியது. ஏதோ ஒன்று அவருக்குப் பொருந்தவில்லை. "உன் கண்ணால் பார்த்தாயா? தொண்டையைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

அந்த இடத்தில் அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. முந்திய பருவம் ஒரு பெண், பயத்தில் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து, உடம்பில் உப்புக் குறைந்து இதே மாதிரித் தலையிடி, ஓங்காளம், பிதற்றல் என்று விழுந்திருந்தாள். மதாம் அதை மறக்கவில்லை. கொப்பியும் அதையே சொன்னது. நடையோ மெதுவான நடை, தண்ணீரோ மூன்று தடவை. வியர்த்ததைவிடக் குடித்தது கூட என்று அவர் கணக்குப் போட்டார். "இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கீழே மீட்பு ஆட்களுக்கு அழைப்பு எடுக்கப் போனார்.

அந்தப் பொம்பிளை தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறார், மதாம் என் புள்ளடியை நம்பித் தண்ணீர் கொடுக்காதே என்கிறார். பக்கத்தில் நிரம்பிய போத்தல். ஐயோ கடவுளே, நான் செய்தது என்ன? அப்போதும் வாய் திறக்கவில்லை. வாய்க்குள் என்ன, கொழுக்கட்டையா? சட்டையால் விசுக்கினேன், வெயில் படாமல் மறைத்து நின்றேன், முருகா முருகா என்றேன். எல்லாம் செய்தேன், செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர. பத்து நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்காவின் தோல் அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது, வியர்வை ஒரு பொட்டும் இல்லை. கண் மேலே செருகத் தொடங்கியதும், "மதாம்!" என்று கத்தினேன். "அவர் குடிக்கவில்லை. நேற்றிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. விரதம். எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்த நேரம் ஒரு விநாடிகூட இராது. பிறகு என்னைப் பார்க்கவேயில்லை. எல்லோருடைய போத்தல்களையும் வாங்கி வரச் சொன்னார். துணிகளை நனைத்துக் கழுத்தில், கக்கத்தில், தொடையிடுக்கில் வைத்தார். விசிறச் சொன்னார். நாலைந்து நிமிடத்தில் அக்காவின் கண் கொஞ்சம் திரும்பியது. மதாம் தலையை உயர்த்திப் பிடித்து, போத்தலை உதட்டில் வைத்தார். அக்கா பல்லை இறுகக் கடித்துக்கொண்டார்.

மூன்று தரம் வைத்தார். மூன்று தரமும் வாய் திறக்கவில்லை. நினைவு அரைவாசி இல்லை, ஆனால் விரதம் மட்டும் நினைவில் இருக்கிறது. "சொல்லு அவளிடம்" என்றார் மதாம். நான் சொன்னேன். "அக்கா, குடியுங்கோ. பாவம் எனக்கு வரட்டும். முருகன் கேட்டால் நான் கணக்குச் சொல்லுறன்." தலையை மறுபக்கம் திருப்பினார். "மகனுக்காகக் குடியுங்கோ" என்றேன். அது இன்னும் பிழையாகப் போயிற்று, கண்ணில் நீர் வராமலே அழத் தொடங்கினார்.

பிறகு எப்படி அது எனக்குத் தோன்றியது என்று தெரியாது. போத்தலை மதாமின் கையிலிருந்து வாங்கினேன். அக்காவின் வலது கையை எடுத்து, உள்ளங்கையைக் குழித்து, கோயிலில் ஐயர் விடுகிற அளவுக்குக் கொஞ்சமாக ஊற்றினேன். "அக்கா, தீர்த்தம்" என்றேன். அவ்வளவுதான். அந்தக் கை தானாக எழும்பியது. வாயில் வைத்து உறிஞ்சினார். ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார். மதாம் குனிந்து அவரது தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கியது" என்றார். "இன்னொருமுறை."

இன்னொருமுறை ஊற்றினேன். கை எழும்பியது, குடித்தார், தலையில் தடவினார். இப்படி ஒவ்வொரு உள்ளங்கையாக. எத்தனை தரம் என்று எண்ணவில்லை. தூக்குக் கட்டிலோடு நாலு பேர் மேலே வந்து சேர்கிற வரைக்கும் நான் ஊற்றிக்கொண்டேயிருந்தேன். அவரது தலைமயிர் முழுக்க நனைந்திருந்தது.

நாலு நாள் தீவு ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகம் அடிபட்டிருந்தது, பிறகு தேறியது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அதைவிட அவர் எனக்கு அறைந்திருக்கலாம்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வாங்கில் மதாம் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். கிட்டப் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. "பெரிய வெள்ளிக்கிழமை இந்த மலையில் எத்தனை பேர் பட்டினியோடு ஏறுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. அந்த வாரங்களில் நிறுவனம் குழு அனுப்புவதில்லை. "என் அம்மா ஏறினாள். நானும் ஏறியிருக்கிறேன். விரதக்காரருக்கு வேறு ஒழுங்கு இருக்கிறது. விடியற்காலையில் தொடங்க வேண்டும், முதல் தரிப்போடு நிறுத்தி அங்கேயே செபிக்க வேண்டும், வெயில் ஏறுமுன் இறக்கிவிட வேண்டும். நான் உன் அக்காவை அப்படிக் கூட்டிப்போயிருப்பேன். சந்தோசமாகக் கூட்டிப்போயிருப்பேன்." "எனக்கு விளங்காது என்று நினைத்தாய், இல்லையா?"

ஓம் என்று தலையாட்டினேன். பதினொரு வருடம் ஒரு மனுசிக்குப் பின்னால் நடந்திருக்கிறேன், அவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளைக்காரர்கள் எங்களைக் கேட்பதில்லை என்று கோயில் மண்டபத்தில் இருந்து குறை பேசுகிறவன்தான் நானும்.

அறிக்கையில் அவர் எல்லாவற்றையும் எழுதினார். மூன்று புள்ளடியையும் வெட்டி, ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். அந்தப் பருவம் எனக்கு வேலை இல்லை. திரும்பச் சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். "இந்த வயசில உங்களுக்கு என்ன கண்டறியாத வேலை" என்று மனுசி பேசினாள். அடுத்த பருவம் மதாமே என்னைக் கேட்டு எடுத்தாராம். போய் இறங்கியபோது, "பத்து நிமிடத்தில் சொன்னாய். சொல்லாமலே விடுகிறவர்களும் இருக்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான் மன்னிப்பு. ஆனால் ஒரு வருடம் முழுவதும் பேனையை என் கையில் தரவில்லை. நான் தொண்டைகளைப் பார்த்துச் சொல்ல, தானே இறங்கி வந்து புள்ளடி போட்டார். அதன்பிறகு ஏழு பருவம் நடந்தேன். அவர் எனக்கு முன்பே ஓய்வெடுத்துக்கொண்டார். பிறகு என் முழங்கால் முடிவு சொல்லிவிட்டது.

தர்ஷிகா, உன் முதலாளிக்கு இதுவரைக்கும் போதும். பட்டியை யாரும் தட்டலாம், புள்ளடியை யாரும் போடலாம், நானே போட்டிருக்கிறேன். பின்னால் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளும் பொய் சொல்லக்கூடும். பதிலாக வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. களைத்துப்போனேன். மிச்சத்தை நீ மொழிபெயர்க்க வேண்டாம்.

போன வருடம் பங்குனியில், செயின்ட்-மிஷேலில் ஒரு தமிழ்க்கடையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். "நீங்கள் அந்த மலைத் தம்பியெல்லே?" என்று பின்னால் ஒரு குரல். ரஞ்சினி அக்கா. மெலிந்திருந்தார், ஆனால் முகத்தில் அதே சிரிப்பு. கணவர் சுகமாம். மகளுக்கு இரண்டு பிள்ளைகளாம். கார்தெரி வேலை இன்னும் இருக்கிறதாம், இன்னும் ஒரு வருடத்தில் விடப் போகிறாராம். கேட்டிருக்கக்கூடாது, வாய் சும்மா இருந்தால்தானே. "மகன் எப்படியிருக்கிறார் அக்கா?"

கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். "அவன் போயிட்டான் தம்பி. பயப்பிடாதேங்கோ, செத்துப்போகேல்லை. நாங்கள் அங்கயிருந்து வந்த அந்தக் குளிருக்க, ஒருநாள் விடிய நான் வேலைக்கு வெளிக்கிடேக்க அவன்ர கதவு திறந்து கிடந்தது. சப்பாத்தும் இல்லை, ஜாக்கெற்றும் இல்லை. எனக்கு முதல்ல சந்தோசம். கடவுளே, வெளியில போயிருக்கிறானே எண்டு. மத்தியானம் வருவான் எண்டு பார்த்தம், இரவு வருவான் எண்டு பார்த்தம். பொலிசுக்குச் சொன்னம், தேடிக் கண்டுபிடிச்சவை. நல்ல சுகமாய் இருக்கிறாராம், வயது வந்த ஆளாம், எங்க இருக்கிறாரெண்டு சொல்ல விருப்பமில்லையாம். எட்டு வருசமாகுது."

கடைப்பெடியன் எங்களைச் சுற்றிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனான்.

"உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும் எண்டு கனகாலமாய் இருந்தனான்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார், அன்று மாமரத்தடியில் பிடித்த அதே பிடி. "அண்டைக்கு அந்தப் பாறைக்கு மேல என்ன நடந்ததெண்டு எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில ஊசியால ஏத்தினது கணக்கில்லை எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். வாயால குடிச்சனானோ? என்ர விரதம் முறிஞ்சுதோ? நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ தம்பி."

எட்டு வருடமாக இந்த மனுசி எதைச் சுமந்துகொண்டு திரிகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தான் தண்ணீர் குடித்ததால் மகன் போனான் என்று. இந்தப் பாரத்தை இறக்குவதற்கு ஒரு சொல் போதும், அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். யோசிக்கவில்லை. "இல்லை அக்கா" என்றேன். "ஒரு சொட்டும் குடிக்கேல்லை. பல்லை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள், எங்களாலை வாயைத் திறக்கவே ஏலேல்லை. உங்கட விரதம் முறியேல்லை."

அவர் ஆறுதலாக மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. என் கையிலிருந்த பிடி தளர்ந்தது.

"முறிஞ்சதெண்டு நினைச்சன்" என்றார். "என்ர பிழை எண்டு நினைச்சு ஒருமாதிரி இருந்திட்டன். முறியேல்லையெண்டால், அப்ப ஏன் தம்பி அவன் போனவன்?"

கூடையை எடுத்துக்கொண்டு காசு கொடுக்கிற இடத்துக்குப் போனார். நான் கத்தரிக்காய்க்கு முன்னால் நின்றேன். மலையில் உண்மையைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. இது நடந்து ஒரு வருடமாகிறது. அவர் வேலை செய்கிற இடம் எனக்குத் தெரியும், வீடும் தெரியும். இன்னும் போகவில்லை.